டியூப்பில் கர்ப்பம்: ஊசி போட்டால் முடிந்துவிடுமா?

முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவி தலைக்குக் குளித்து 6 வாரம், அட்டையில் இரண்டு கோடு, கூடவே லேசாக உதிரம் படுகிறது, வலது அடிவயிற்றில் வலி. உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பை காலி, வலது சினைப்பையை ஒட்டி 2 செ.மீ. கட்டி, துடிப்பு இல்லை. ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்) 1,180, இரண்டு நாள் கழித்து 1,390. கரு கர்ப்பப்பைக்கு வராமல் டியூப்பில், அதாவது கருக்குழாயில், தங்கிவிட்டது, அதைக் கரைக்க மெத்தோட்ரெக்ஸேட் ஊசி என்கிறார் டாக்டர். 'அது கேன்சர் மருந்தாமே? கருவை எடுத்துக் கர்ப்பப்பையில் வைக்க முடியாதா?'

முடியாது தம்பி, அப்படி ஒரு வைத்தியம் இன்னும் இல்லை. மனைவி வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனதாலோ பப்பாளி தின்றதாலோ வந்ததும் இல்லை, வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் வாயை அடைத்துவிடுங்கள்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். இந்த அளவில் நல்ல கர்ப்பம் என்றால் 48 மணி நேரத்தில் எச்.சி.ஜி. குறைந்தது பாதியாவது கூடியிருக்கும், இங்கே 18 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. இந்த எண் ஒன்றை மட்டும் வைத்து டியூப் என்று சொல்லிவிட முடியாது, கர்ப்பப்பைக்கு உள்ளேயே வளராமல் நின்ற கருவும் இப்படித்தான் ஏறும். பக்கத்தில் கட்டியும் தெரிவதால்தான் உங்கள் டாக்டர் ஊசிக்கு வருகிறார். கர்ப்பப்பை காலி என்ற ஒரே ஸ்கேனை வைத்து அவசரமாக ஊசி போடுவதுதான் தப்பு.

கேன்சருக்கும் கொடுக்கும் மருந்துதான், ஆனால் இங்கே உயரம், எடை பார்த்து உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 50 மி.கி. என்று கணக்குப் போட்டுச் சதையில் ஒரு ஊசி, அவ்வளவுதான். வேகமாகப் பெருகும் செல்லை நிறுத்துவது அதன் வேலை, கருவும் அப்படிப் பெருகுவதுதானே. முன்னாடியே ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்த்திருக்க வேண்டும். மூத்த குழந்தைக்குப் பால் கொடுக்கிறார் என்றால் சொல்லிவிடுங்கள், அப்போது இந்த ஊசி கூடாது. எச்.சி.ஜி. 5,000-க்கு மேல் போய்விட்டாலோ துடிப்பு தெரிந்தாலோ பெரும்பாலும் ஆபரேஷன்தான் சரி.

ஊசி ஒரு நிமிஷ வேலை, அதற்கப்புறம்தான் பாடு. 4-ஆம் நாள் ரத்தம் எடுத்தால் எண் ஏறியிருக்கலாம், பயப்படாதீர்கள். 4-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில் 15 சதவீதமாவது இறங்க வேண்டும், இறங்காவிட்டால் பெரும்பாலும் இன்னொரு ஊசி. பிறகு எண் கர்ப்பமில்லாத அளவுக்கு வரும்வரை வாரம் ஒரு தடவை பரிசோதனை, சிலருக்கு ஒன்றரை மாதம்கூட ஆகும். 'வலி போச்சு, நடவு இருக்கு' என்று மூன்றாம் வாரமே வராமல் நின்றுவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நடவு இருந்தாலும் அவர் வெயிலில் நிற்கக்கூடாது, இந்த மருந்துக்கு வெயில் ஆகாது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள், அது மருந்தையே முறித்துவிடும். மெடிக்கலில் சொந்தமாக வலி மாத்திரை வாங்க வேண்டாம். அடுத்த கர்ப்பத்துக்கு மூன்று மாதமாவது போகட்டும்.

ஊசிக்குப் பிறகு சில நாள் வயிறு வலிக்கும். ஆனால் வலி தாங்க முடியாமல் போனாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, தோள்பட்டையில் வலித்தாலோ குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து ராத்திரியில் ஆபரேஷன் தியேட்டரும் ஏற்ற ரத்தமும் உள்ள ஆஸ்பத்திரிக்கு வருவது லேசு இல்லை, அதனால் முதல் இரண்டு வாரமாவது மனைவியைத் திருவாரூரிலோ மன்னார்குடியிலோ உறவுக்காரர் வீட்டில் வைத்திருங்கள். அவர் ரத்த வகை நெகட்டிவா என்றும் கேட்டுவிடுங்கள், அப்படியானால் அடுத்த குழந்தைக்கு ரத்தம் ஒவ்வாமல் போகாதிருக்கப் போடும் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று டாக்டர் சொல்வார்.