பழைய ஷூ: தைப்பதா, கொடுப்பதா, தூக்கிப் போடுவதா?

ஆம்பூரில் ஷூ சோல் ஒட்டும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நாலு வருடம் பெட்டியிலேயே இருந்த ஷூவைக் கல்யாணத்துக்குப் போட்டுப் போனேன். மண்டப வாசலில் சோல் கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. போடாத ஷூ எப்படிக் கெடும்?

பதில்: அது பியூ சோல், தம்பி. பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக். காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே இறங்கி, அதன் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். நீராற்பகுப்பு என்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்த கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். பெட்டியில் பூட்டி வைத்தாலும் தப்பாது. சோல் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடி உதிர்ந்தாலோ சோல் முடிந்தது. ஆனால் ஷூ முடியவில்லை! மேல் தோல் நன்றாக இருந்தால் பழைய சோலை முழுக்கச் சுரண்டி எடுத்து, ரப்பர் சோல் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பொடி மிச்சமிருந்தால் பசை அந்தப் பொடியைத்தான் பிடிக்கும், புது சோலும் கழன்று வரும்.

கேள்வி: முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. சூப்பர் க்ளூ போடலாமா?

பதில்: வேண்டாம். காய்ந்ததும் விறைத்துவிடும், ஷூ மடிகிற இடத்தில் விரிசல் விடும். ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். சுற்றி ஒரு தையல் போட்டால் நிம்மதி.

கேள்வி: ஷூவை அரைத்து விளையாட்டு மைதானத்தில் ஓட்டப் பாதை போடுகிறார்களாமே?

பதில்: ஆமாம். நைக்கி 1990களிலிருந்து செய்கிறது. ரப்பர், நுரை, துணி என்று பிரித்து அரைப்பார்கள். விளையாட்டு ஷூவுக்குத்தான் அது சரிப்படும். தோல், உலோகம், பசை எல்லாம் கலந்த ஆபீஸ் ஷூவைப் பிரிப்பது பெரும்பாடு. மும்பையில் கிரீன்சோல் என்ற நிறுவனம் பழைய ஷூவிலிருந்து செருப்பு செய்கிறது.

கேள்வி: ஒருவர் போட்டதை இன்னொருவருக்குக் கொடுப்பது அவமரியாதை. எரித்துவிடுவதே மேல்.

பதில்: எரிக்காதீர்கள், தயவுசெய்து! சில சோல்களில் இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், டையாக்சின் என்ற நச்சும் வரும். குரோம் ஏற்றிப் பதனிட்ட தோலை எரித்தால் சாம்பலில் நச்சான ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகலாம். தெருவில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

குறுக்கே இன்னொருவர்: வெயில் ரோட்டில் வெறுங்காலோடு பள்ளிக்குப் போனவன் நான். யாரோ போட்ட ஷூ கிடைத்தபோது அவமானமாகவே இல்லை. அடுத்த வருடம் கிழிந்ததைக் கொடுத்தார்கள், அன்றைக்குத்தான் அழுதேன்.

எரிக்கச் சொன்னவர்: அதைத்தான் சொல்கிறேன். கழிவைத் தானம் என்கிறார்கள்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. நீங்களே மறுபடி போட்டுக்கொள்ளத் தயங்காத ஷூவை மட்டும் கொடுங்கள். கழுவி நிழலில் காயவைத்து, உள் அட்டையை மாற்றுங்கள். அதில் பழைய ஆளின் பாதம் பதிந்திருக்கும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். லேஸால் ஜோடியைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு முகாமில் ஒற்றை ஷூக்களுக்கு ஜோடி தேடியே எனக்கு ஒரு மதியம் போனது.

கேள்வி: எரித்தால் கொசு போகுமாமே?

பதில்: எரிக்கக் கூடாது.

கேள்வி: ஹீலுக்கு சூப்பர் க்ளூ...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கேள்வி: புது சோல் போட்டபின் குதிகால் வலிக்கிறது.

பதில்: டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒற்றை ஷூ மட்டும் இருக்கிறது, சார். குப்பைதானா?

பதில்: தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். பக்கிள், வார், ஹீல் துண்டு எல்லாம் அவருக்கு உதிரி பாகம். காசு கேட்காதீர்கள்.