லூசிடானியா: 48 படகுகள், 18 நிமிடங்கள்

ஐயா,

டைட்டானிக்கில் படகுகள் போதவில்லை, அதனால் அத்தனை சாவு. அது புரிகிறது. மூன்றே ஆண்டு கழித்து, முதல் உலகப் போரின்போது மூழ்கிய லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலில் எல்லோருக்கும் படகு இருந்ததாம். பட்டப்பகல், அயர்லாந்துக் கரை கண்ணுக்குத் தெரியும் தூரம். பிறகும் ஏன் 1,200 பேர் வரை இறந்தார்கள்? கப்பலில் ஒளித்துக் கொண்டுவந்த வெடிமருந்துதான் காரணமா?

ஆ.

அன்புள்ள ஆ.,

வெடிமருந்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் கரியைப் பாருங்கள். 1907இல் லிவர்பூல் - நியூயார்க் தடத்துக்கு வந்த இந்தக் கப்பலின் 25 கொதிகலன்களும் முழு வேகத்தில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 டன் கரி தின்றன. கட்டுவதற்கு பிரிட்டிஷ் அரசு 26 லட்சம் பவுண்டு கடன் கொடுத்திருந்தது. போர் வந்தால் ஆயுதக் கப்பலாக மாற்றலாம் என்பது ஏற்பாடு. அதனால் கரிக்கிடங்குகளைக் கொதிகலன் அறைகளின் இரு பக்கமும் நீளவாக்கில் அமைத்தார்கள். பீரங்கிக் குண்டைக் கரி தாங்கும் என்பது கணக்கு. நீருக்கடியில் வரும் டார்பிடோ அந்தக் கணக்கில் இல்லை.

1915 மே 7, பிற்பகல் 2.10. யு-20 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் சுமார் 700 மீட்டரிலிருந்து ஏவிய ஒரே டார்பிடோ வலப்பக்கத்தில், மேல்தளக் கட்டுப்பாட்டு மேடைக்குச் சற்றுப் பின்னால் தாக்கியது. பயணத்தின் கடைசி நாள் என்பதால் கிடங்குகளில் பாதிக்கு மேல் காலி. தண்ணீர் அந்த நீளமான வலப்பக்க அறைகளில் புகுந்து அங்கேயே நின்றது. டைட்டானிக்கில் கரிக்கிடங்குகள் குறுக்குவாக்கில் இருந்ததால் நீர் இரு பக்கமும் பரவி, கப்பல் ஓரளவு நேராகவே 2 மணி 40 நிமிடம் மிதந்தது. இங்கே சில நிமிடங்களிலேயே 15 பாகை சாய்வு. பிறகு அதற்கும் மேல். திறந்து கிடந்த சன்னல் துளைகள் வேறு.

படகு 48 இருந்தது உண்மை. 22 மரப்படகு, 26 மடக்குப் படகு. மொத்தம் 2,605 பேருக்கு இடம். கப்பலில் இருந்தவர்கள் 1,959 பேர்தான். ஆனால் கப்பல் சாய்ந்ததும் வலப்பக்கப் படகுகள் தளத்தை விட்டு வெளியே வெகுதூரம் ஊசலாடின. இடைவெளியைத் தாண்டி ஏற வேண்டும். இடப்பக்கப் படகுகள் உள்நோக்கி விழுந்து, தளத்தில் நின்றவர்களை நசுக்கின. எப்படியோ வெளியே தள்ளி இறக்கினாலும், கப்பலின் சரிந்த பக்கத்தில் துருத்தி நின்ற தறையாணித் தலைகளில் உராய்ந்து பலகை பெயர்ந்தது. மடக்குப் படகுகளில் பெரும்பாலானவை மரப்படகுகளுக்கு அடியில் கிடந்தன. மேலே இருப்பது போனால்தான் கீழே இருப்பதை எடுக்கலாம்.

இதற்கு மேல், கப்பல் நிற்கவே இல்லை. நீராவி அழுத்தம் சரிந்து, பின்னோக்கி இயக்கச் சொன்ன கட்டளைக்கு இயந்திரம் பணியவில்லை, சுக்கானும் பணியவில்லை. ஓடும் கப்பலிலிருந்து படகை நீரில் வைத்தால் அது கவிழும். படகை இறக்க முன்னும் பின்னும் இரண்டு கயிறுகளை ஒரே வேகத்தில் விட வேண்டும். ஒன்று முந்தினால் ஆட்கள் கொட்டிப்போவார்கள். தேர்ந்த மாலுமிகள் பலரைக் கடற்படை எடுத்துக்கொண்டிருந்தது. பயணத்தில் நடந்த படகுப் பயிற்சியோ பெயரளவுக்குத்தான். பத்திரமாக விலகியவை 6 படகுகள். மிதவைச் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு முகம் நீருக்குள் இருக்கச் செத்தவர்களும் உண்டு. மாட்டும் முறையை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

இனி வெடிமருந்து. சுமார் 42 லட்சம் துப்பாக்கித் தோட்டாக்களும், மருந்து நிரப்பாத ஷிராப்னல் (சிறு உருண்டைகளைச் சிதறும்) பீரங்கிக் குண்டுப் பெட்டிகளும் இருந்தன. சரக்குப் பட்டியலிலேயே உள்ளவைதான், ஒளிவுமறைவு இல்லை. டார்பிடோவுக்குப் பிறகு இரண்டாவது வெடிப்பு ஒன்று கேட்டதை யு-20இன் தலைவர் ஷ்வீகரின் நாட்குறிப்பும் சொல்கிறது. கரித்தூள், நீராவிக் குழாய், கொதிகலன், சரக்கு என்று நூறாண்டாக வழக்காடுகிறார்கள். எனக்கு நீராவிக் குழாய் பொருத்தமாகப் படுகிறது, அழுத்தம் உடனே விழுந்ததால். எதுவானாலும் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது அவசியமில்லை. சாய்வு ஒன்றே படகுகளைப் பயனற்றதாக்கப் போதும்.

கரை தெரிந்ததும் உதவவில்லை. 18 கிலோமீட்டரை 11 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் நீந்த முடியாது. குவீன்ஸ்டவுன் என்ற அயர்லாந்துத் துறைமுகத்திலிருந்து உதவிக் கப்பல்கள் வந்துசேர மணிக்கணக்கானது. அருகில் இருந்த ‘வாண்டரர்’ என்ற மீன்பிடிப் பாய்ப்படகுதான் முதலில் போய்ச் சுமார் 160 பேரை ஏற்றிக்கொண்டது.