மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு, அதாவது கொடுத்த எண்கள் எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்): கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 12, 18, 20-க்கு வகுத்தல் முறையில் மீ.சி.ம 1080 என்று போட்டாள். புத்தகத்தில் 180. எங்கே தப்பு சார்?

பதில்: தொடக்கம் சரிதான் அம்மா. 2-ஆல் வகுத்தால் 6, 9, 10 வரும். இனி மூன்றையும் சேர்த்து வகுக்கும் எண் இல்லை என்று நிறுத்திவிட்டு 2×6×9×10 என்று பெருக்கியிருப்பாள். மீப்பெரு பொதுக் காரணி கேட்டிருந்தால் அங்கே நிற்கலாம். மீ.சி.ம-வுக்கு இரண்டு எண்கள் வகுபட்டாலே போதும், மேலே போக வேண்டும். வகுபடாததை அப்படியே கீழே இறக்க வேண்டும். மறுபடி 2-ஆல் வகுத்தால் 3, 9, 5. அப்புறம் 3-ஆல் வகுத்தால் 1, 3, 5. ஆக 2×2×3×3×5 = 180. அவள் விடை சரியாக ஆறு மடங்கு பெரியது, கவனித்தீர்களா? 6-க்கும் 10-க்கும் பொதுவான 2-ஐயும், 6-க்கும் 9-க்கும் பொதுவான 3-ஐயும் இரண்டு தடவை எண்ணிவிட்டாள். பாதிப் பேர் சறுக்கும் இடம் இதுதான்; திட்டாதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் பொ.ம.சி. என்று படித்தது இதைத்தானா?

பதில்: இதையேதான். பொது மடங்குகளுட் சிறியது. பெயரே விளக்கமாகவும் இருப்பதால் எனக்கு உங்கள் பெயர்தான் பிடிக்கும்.

கேள்வி: 323, 391 மாதிரி எண்களுக்கு மீ.சி.ம காணக் காரணியே கண்ணில் படவில்லை. போட்டித் தேர்வில் நேரமும் இல்லை.

பதில்: காரணி தேடவே வேண்டாம். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் காட்டிய வழியில் மீதியை வைத்தே இறங்குங்கள். 391-ஐ 323-ஆல் வகுத்தால் மீதி 68. 323-ஐ 68-ஆல் வகுத்தால் 51. 68-ஐ 51-ஆல் வகுத்தால் 17. 51-ஐ 17 மீதியின்றி வகுக்கிறது. ஆக, மீப்பெரு பொதுக் காரணி 17. ஓர் எண்ணை இதனால் வகுத்து, மற்ற எண்ணால் பெருக்கினால் மீ.சி.ம: 391÷17 = 23; 323×23 = 7429. முடிந்தது.

கேள்வி: மூன்று எண்கள் இருந்தால், மூன்றையும் பெருக்கி மீப்பெரு பொதுக் காரணியால் வகுக்கலாமா ஐயா?

பதில்: கூடாது. 4, 6, 10-க்குச் செய்து பாருங்கள்: 240÷2 = 120 வரும். சரியான விடை 60. இரண்டிரண்டாகப் போங்கள்: 4, 6-க்கு 12, பிறகு 12, 10-க்கு 60.

கேள்வி: தமிழ் ஆண்டுகள் அறுபது என்பதற்கும் மீ.சி.ம-வுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: கணக்கு பொருந்துகிறது. ராசிச் சக்கரத்தைச் சுற்ற குருவுக்கு ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு 30; மீ.சி.ம 60. துல்லியமாகப் பார்த்தால் 11.86, 29.46. அதனால் குரு ஐந்து சுற்றை 59.3 ஆண்டிலும், சனி இரண்டு சுற்றை 58.9 ஆண்டிலும் முடித்துவிடும். அறுபதாம் கல்யாணத்துக்கு நாம் பந்தல் போடும்போது இரண்டும் வந்து தாண்டியே போயிருக்கும்!