பழைய ஜெர்மன் கல்லறைகளில் கத்தரிக்கோலும் ரொட்டியும் ஏன்?

இவை தொழில் அடையாளங்கள். புதைக்கப்பட்டவர் என்ன வேலை செய்தார் என்பதைப் படமாகச் சொல்பவை. கத்தரிக்கோல் இருந்தால் தையற்காரர், முறுக்கிய ப்ரெட்செல் ரொட்டி இருந்தால் பேக்கரிக்காரர். நம்ம தையல் கடைப் பலகையில் கத்தரிக்கோல் வரைகிற மாதிரிதான், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும்.

இதைப் பார்க்க ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கொள்ளைநோய்க்குப் பயந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரசபை அடக்கங்களை மதிலுக்கு வெளியே மாற்றியது, அப்புறம் பணக்காரர் ஏழை வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் ஒரே அளவில், தரையில் படுக்கவைத்த கல்லறைக் கல் என்றும் விதித்தது. கல்லில் வேறுபாடு காட்ட முடியாது, அதனால் அதன்மேல் பதிக்கும் வெண்கலத் தகட்டில் காட்டினார்கள். உலோக வார்ப்புக்குப் பெயர்போன ஊர் என்பதால் அந்தத் தகடுகள் அவ்வளவு நுணுக்கமாக, அவ்வளவு அழகாக இருக்கின்றன. 1528இல் இறந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர்கூட அங்கே யோஹானிஸ் கல்லறைத் தோட்டத்தில் அப்படியொரு கல்லுக்குக் கீழேதான் இருக்கிறார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: மணற்கடிகாரம் இருந்தால் கடிகாரம் செய்தவர் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் மண்டையோட்டைப் போலவே அதுவும் பெரும்பாலும் வாழ்நாள் தீர்ந்துபோவதைக் குறிக்கும் பொதுச் சின்னம்தான்.