வகுப்பு ஒரு மணிக்கு முடிந்துவிடும், அப்புறம்?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. சுங்கை சிப்புட்டில் அம்மாவோடு இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தவர் அம்மா. ஆறு வருஷமாக ஈப்போவில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சேர்த்த காசில் ஸ்பெயினில் மலாகா நகரத்துக்குப் போய், 12 வாரம் தீவிரமாக ஸ்பானிய மொழி படிக்க ஆசை. ஊரின் படங்களைப் பார்த்துவிட்டு, "படிக்கப் போறியா, கடற்கரையில சுத்தப் போறியா?" என்கிறார் அம்மா. உண்மையைச் சொன்னால் எனக்கு ரெண்டுமே வேண்டும். இது தப்பா?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. ரெண்டும் வேண்டும் என்று ஒளிக்காமல் எழுதினாயே, அதுவே எனக்குப் பிடித்தது.

எங்கள் தோட்டத்தில் ஓர் அத்தை இருந்தார். பள்ளிக்கூடப் பக்கம் போகாதவர். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கீரை விற்பார். பக்கத்தில் தவ்வு (டோஃபு) விற்ற சீனப் பாட்டிதான் அவருக்குக் கூட்டாளி. கீரைக்கட்டைத் தராசில் வைத்த கையோடு அந்தப் பாட்டியின் கண்டனீஸ் மொழியில் விலை சொல்வார். யாராவது பேரம் பேசினால் அதே மொழியில் ஏதோ சொல்வார், வந்தவர் சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டுப் போவார். வாராவாரம் அங்கே நின்றார், அந்தப் பேச்சை அனுபவித்தார். மொழி ஒட்டிக்கொண்டது.

உன் விஷயத்திலும் அப்படித்தான். தீவிர வகுப்பு என்பது பெரும்பாலும் வாரத்துக்கு 20 பாடம். காலையில் தொடங்கி மதியம் ஒரு மணி வாக்கில் முடிந்துவிடும். மிச்ச நாள் முழுக்க உன் கையில். அங்கே உனக்கு எதிரி கடல் இல்லை, ஆங்கிலம். வகுப்பில் ஜெர்மனி, நெதர்லாந்து, கொரியா என்று பல நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். தினமும் அவர்களோடு மட்டுமே கடற்கரைக்குப் போனால் அம்மா சொன்னதுதான் நடக்கும். அதே மணலில் ஓர் உள்ளூர்க்காரியோடு அரை மணி ஸ்பானியத்தில், அரை மணி ஆங்கிலத்தில் என்று மாற்றிப் பேசினால் அது பாடம். இப்படி மொழி மாற்றிக்கொள்வதை அங்கே 'இந்தெர்காம்பியோ' என்பார்கள். அதற்கென்றே கூடும் இடங்கள் இருக்கும், பள்ளியில் விசாரி. முதல் நாலு வாரமாவது ஒரு குடும்பத்தோடு தங்கு. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான் வரும், அதை மட்டும் பொறுத்துக்கொள். மேசையில் நடக்கும் பேச்சை எந்தப் புத்தகத்திலும் வாங்க முடியாது.

மலாகாவில் காப்பிக்கடை உனக்கு அந்நியமாகவே இருக்காது. நம் ஊரில் பாலுக்கும் சீனிக்கும் ஏற்றபடி கோப்பி ஓ, கோப்பி சி, கோசோங் என்று சொல்கிறோமே, அங்கே பாலின் அளவுக்கு ஒரு பெயர். வெறும் காப்பி 'சோலோ', பாதிக்குப் பாதி 'மித்தாத்', பால் தூக்கலாக இருந்தால் 'சோம்ப்ரா', அதாவது நிழல். பாலில் ஒரு சொட்டுக் காப்பி என்றால் 'நுபே', மேகம். தினமும் ஒன்று கேட்டு வாங்கு. கடைக்காரர் திருப்பி ஏதாவது கேட்பார். அந்தப் பதிலுக்குத் தடுமாறுகிறாய் பார், அங்கேதான் படிப்பு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் அழாதே. மலாகா இருக்கும் அந்தலூசியா பகுதிக்காரர்கள் பல சொற்களின் கடைசியில் வரும் 'ஸ்'ஸை விழுங்கிவிடுவார்கள். 'மாஸ் ஓ மெனோஸ்' (ஏறக்குறைய) என்று வகுப்பில் படித்தது பேருந்தில் 'மா ஓ மெனோ' ஆகிவிடும். முதல் ரெண்டு வாரம் ஒன்றும் புரியாது. அதற்காக ஊரைக் குறை சொல்லாதே, காது பழகிவிடும்.

தமிழ் பேசுகிறவளுக்குச் சில வசதிகள் உண்டு. 'பேசுகிறேன்' என்றால் அதிலேயே 'நான்' இருக்கிறது. ஸ்பானியத்தில் 'ஆப்லோ' என்றாலும் அப்படித்தான். நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கேயும் 'தூ', 'உஸ்தேத்' என்று இருக்கிறது. 'ஞ' உன் நாக்கில் ஏற்கெனவே இருப்பதால் 'மஞானா', அதாவது நாளை, உடனே வந்துவிடும். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதுதான் நம்மைப் படுத்தும். ஒவ்வொரு சொல்லையும் 'லா', 'எல்' சேர்த்தே மனப்பாடம் செய், வேறு வழியில்லை.

12 வாரத்தில் சரளமாகப் பேசலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 240 பாடம்தான் ஆகும். மொழித் தேர்ச்சியை ஐரோப்பாவில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாக அளப்பார்கள். எழுத்துகூடத் தெரியாமல் போனால் இரண்டாம் படியான ஏ2 உறுதியாகும், அடுத்த பி1 வாசல்வரை போகலாம். அதனால் இங்கேயே நாலைந்து மாதம் ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஏ1-ஐ முடித்துவிடு. ஒன்று ரெண்டு எண்ணக் கற்க யூரோ கொடுக்காதே. தேர்வை அவசரப்பட்டு எழுதவும் வேண்டாம். 'டெலே' என்ற ஸ்பானிய மொழித் தேர்ச்சிச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, ஊர் திரும்பித் தயாரானபிறகும் எழுதலாம்.

விசா பற்றி: மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் (ஸ்பெயின் உட்பட, பொது விசா விதியுள்ள ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள்வரை விசா வேண்டாம். 12 வாரம் 84 நாள். இறங்கும் நாள், கிளம்பும் நாள் ரெண்டையும் சேர்த்து எண்ணு. பாரிஸ், லிஸ்பன் சுற்றினால் அதுவும் அந்த 90-க்குள்தான். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயிலும் கூட்டமும் வாடகையும் ஏறும். ஏப்ரலில் தொடங்கினால் மே, ஜூனில் பெத்ரேகாலேஹோ கரையில் மத்தி மீன் சாப்பிடலாம். மணல் நிரப்பிய பழைய படகில் விறகை மூட்டி, மீனைக் குச்சியில் கோத்து அனலில் வாட்டுவார்கள். பெயரில் 'ர' இல்லாத மாதங்களில்தான் மத்தி ருசி என்பது அங்கே வழக்குச் சொல்: மாயோ, ஹூனியோ, ஹூலியோ, அகோஸ்தோ. பார், மாதப் பெயர்களும் வந்துவிட்டன.

அம்மாவை வாதாடி ஜெயிக்கப் பார்க்காதே. ஆறு வருஷச் சேமிப்பையும் துடைத்துக்கொண்டு போகாதே, திரும்பி வந்து மூன்று மாதம் ஓட்டுகிற காசை அவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போ. அவருடைய பயத்தில் பாதி அதுதான். அப்புறம், ராத்திரி நீ படிக்கும்போது சொற்குறிப்பை அவர் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல். 1511-இல் நம் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியரின் மொழி ஸ்பானியத்துக்கு உடன்பிறப்பு. அவர்கள் மொழியிலிருந்து தமிழிலும் மலாயிலும் எத்தனையோ சொற்கள் தங்கிவிட்டன. ஸ்பானியத்தில் மேசைக்கு 'மேசா', அலமாரிக்கு 'அர்மாரியோ', சப்பாத்துக்கு 'சப்பாத்தோ', மலாயில் கொடியைச் சொல்லும் பெண்டேராவுக்கு 'பந்தேரா'. முதல் நாளே அம்மாவுக்கு நாலு சொல் தெரிந்திருக்கும். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.