மருத்துவர் சொன்ன நேரம் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

‘ஜாக் தி ரிப்பர்’ என்ற தொடர் கொலையாளிக்குப் பலியானவராகக் கருதப்படும் ஆனி சாப்மன் கொலை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவர் இறந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று, காலை ஆறரைக்கு உடலைப் பார்த்த போலீஸ் மருத்துவர் ஃபிலிப்ஸ் மரண விசாரணையில் சாட்சி சொன்னார். அப்படியானால் கொலை நடந்தது காலை நாலரைக்கு முன்பு. நீங்களோ வழியில் போன ஒரு பெண்ணையும் பக்கத்து வீட்டுக்காரரையும் நம்பி ஐந்தரை மணி என்கிறீர்கள். மருத்துவரின் அறிவைவிட இவர்களின் சொல் பெரிதா?

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சாட்சியத்தை நீங்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள்.

1888 செப்டம்பர் 8 அன்று காலை ஆறரைக்கு, லண்டன் ஹான்பரி தெருவில் 29ஆம் எண் வீட்டின் கொல்லைப்புறத்தில் ஃபிலிப்ஸ் உடலைப் பார்த்தார். குடலுக்கு அடியில் மட்டும் கொஞ்சம் சூடு இருந்தது. மற்றபடி உடல் குளிர்ந்திருந்தது. கைகால்கள் அப்போதுதான் விறைக்கத் தொடங்கியிருந்தன. குறைந்தது இரண்டு மணி நேரம் என்று சொன்னவர், அன்று காலை ஓரளவு குளிராக இருந்ததையும், ரத்தம் பெருமளவு போய்விட்டதால் உடல் விரைவில் குளிர்ந்திருக்கக்கூடும் என்பதையும் தாமே சேர்த்துச் சொன்னார். நாம் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் விடுத்த எச்சரிக்கையை விட்டுவிடுகிறோம். வெப்பமானி காட்டிய அளவு எதுவும் அவர் சாட்சியத்தில் இல்லை. வயிறு கிழிக்கப்பட்ட உடலைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. வெப்பநிலையை முறையாக அளந்தாலும்கூட, இன்றைய தடயவியல் மருத்துவர் சில மணி நேர இடைவெளி விட்டுத்தான் சொல்வார்.

மற்ற சாட்சிகளுக்கு வருகிறேன். ஜான் ரிச்சர்ட்சன் நாலே முக்கால் வாக்கில் அந்தக் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து தன் பூட்ஸிலிருந்து தோல் துண்டு ஒன்றை அறுத்தெடுத்தார். அங்கே யாரும் கிடக்கவில்லை என்றார். பிறகு உடல் கிடந்தது அந்தப் படியை ஒட்டித்தான். எலிசபெத் லாங் ஐந்தரைக்கு அந்த வீட்டருகே ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஆல்பர்ட் கடோஷ் வேலியில் ஏதோ மோதி விழுந்த ஓசையைக் கேட்டார். இந்த இருவர் சொன்ன நேரங்களும் சில நிமிடங்கள் முரண்படுவது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூவரையும் ஒருசேரத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. மரண விசாரணையை நடத்திய அதிகாரி வின் பாக்ஸ்டரும் தம் தொகுப்புரையில் நேர விஷயத்தில் மருத்துவர் தவறியிருக்கலாம் என்றே கருதினார்.

இதனால் ஃபிலிப்ஸ்மீது எனக்கு மதிப்பு குறையவில்லை. வேறு சில விஷயங்களில் அவர் உறுதியாகவே பேசினார். படுக்கைக்குக் காசில்லாமல் பின்னிரவு இரண்டு மணிவாக்கில் தங்கும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஆனி. அவர் குடித்திருந்ததாக விடுதிக்காரர் சொன்னார். ஆனால் சாவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் அவர் கடும் மது எதுவும் அருந்தவில்லை என்று ஃபிலிப்ஸ் உறுதியாகச் சொன்னார். நுரையீரலில் நெடுநாள் நோய், வயிற்றில் சிறிதளவே உணவு, வறுமையில் வாடிய உடல் என்பதையும் பதிவு செய்தார். இவை என் கட்டுரையில் விட்டுப்போயிருந்தன. உங்கள் கடிதத்துக்குப் பிறகு சேர்த்துவிட்டேன்.