நிற்கிற கிளைடரைத் தூக்கிய கயிறு

அன்புள்ள ஐயா,

அமெரிக்க கிளைடர் பந்தயத்தில் ரிச்சர்ட் டு பான்ட் பெயரால் நினைவுக் கோப்பை தருவதாக எழுதியிருந்தீர்கள். பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, சிப்பாயும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால கிளைடருக்கு அவர் அப்படி என்ன செய்துவிட்டார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1934, 1935, 1937 ஆண்டுகளில் தேசிய சாம்பியன் அவர். அது பணத்துக்குக் கிடைப்பதல்ல. ஆனால் நான் அவரை மதிப்பது வேறொன்றுக்காக.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது, இன்னொரு விமானம்தான் கயிறு கட்டி இழுத்துப்போக வேண்டும். அமெரிக்கப் படையின் வாக்கோ சிஜி-4ஏ கிளைடர் 13 வீரர்களுடன் வயலில் இறங்கிவிடும். அதை இழுத்துவந்த சி-47 விமானம் அங்கே இறங்க முடியாது. கிளைடர் தானாக எழும்பவும் முடியாது. போனது போனதுதான். காயம்பட்டவர்களை அதிலேயே ஏற்றித் திருப்பிக் கொண்டுவர வழி வேண்டியிருந்தது.

அந்த வழி தபாலிலிருந்து வந்தது. விமானம் பறந்தபடியே தரையிலுள்ள தபால் பையைக் கொக்கியால் கவ்வும் முறை லைட்டில் ஆடம்ஸ் என்ற பல் மருத்துவர் கண்டது. 1939இல் டு பான்ட்டின் ஆல் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனம் அதைக் கொண்டு தபால் சேவை நடத்தியது. பிறகு கிளைடரைத் தூக்கும் அளவுக்கு வளர்த்தது.

தபால் பை சில கிலோதான். சுமையேற்றிய கிளைடரோ 3,400 கிலோ. வேகமாக வரும் விமானம் அதை வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறும், இல்லாவிட்டால் மூக்கு பிய்ந்துவரும். அதனால் சுமார் 12 அடி உயரக் கம்பங்கள் இரண்டை 20 அடி இடைவெளியில் நட்டு, நைலான் கயிற்று வளையத்தை மேலே மாட்டி, மறுமுனையைக் கிளைடர் மூக்கில் பூட்டினார்கள். தாழப் பறந்துவரும் விமானத்தின் கொக்கி வளையத்தைக் கவ்வியதும், விமானத்துக்குள்ளே இருக்கும் வின்ச், அதாவது வடம் சுற்றிய உருளை, எஃகு வடத்தை ஓடவிடும். பிறகு பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். நைலானும் இழுபட்டு நீளும். இழுப்பு ஒரே அடியாக விழாமல் சில நொடிகளுக்குப் பரவிவிடும். பிரேக் இறுகினால் கயிறு போச்சு. தளர்ந்தால் வடம் முழுக்க ஓடித் தீர்ந்துவிடும். கிளைடரின் எடையைக் கணித்து பிரேக்கை முன்கூட்டியே அமைப்பதில்தான் எல்லாமே இருந்தது.

1945 மார்ச் 22 அன்று ஜெர்மனியின் ரெமாகன் அருகே இரண்டு கிளைடர்கள் 25 காயம்பட்டவர்களோடு இப்படித்தான் மேலெழுந்தன.

டு பான்ட் அதைப் பார்க்கவில்லை. விமானப்படைத் தலைவர் ஆர்னால்டுக்குக் கிளைடர் விஷயங்களில் உதவியாளராக இருந்தவர், 1943 செப்டம்பர் 11 அன்று கலிபோர்னியாவில் எக்ஸ்சிஜி-16 என்ற சோதனை மாதிரிக் கிளைடரின் பறப்பில் இறந்தார். உள்ளே வைத்திருந்த எடைச்சுமையைச் சரியாகக் கட்டவில்லை. அது இடம் நகர்ந்து, சமநிலை குலைந்து, கிளைடர் சுழன்று விழுந்தது. அவருக்கு வயது 32.

பந்தயக் கோப்பைக்கு அவர் பெயர் பொருத்தம்தான். அந்த வின்ச் ஒன்றைக் காட்சிக்கு வைத்து, பல் மருத்துவரின் பெயரையும் பக்கத்திலேயே பொறித்தால் எனக்கு இன்னும் நிறைவாக இருக்கும்.

அன்புடன்